சம்மானம் என்னும் சொல்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம் அகங்களில் தளிகையறைப் பேச்சைச் சற்றே செவிமடுத்துப் பாருங்கள். ரசம் சாத்தமுது, கறி கறியமுது, பாயஸம் திருக்கண்ணமுது, தயிரும் தயிரமுது. இலைக்கு வருவன யாவும் அமுதே. எம்பெருமான் அமுது செய்தருளிய சேஷம் என்னும் நினைவாலே முன்னோர் இட்டுவைத்த பெயர்கள் இவை. உலகத்தார் உணவு என்பதை நாம் அமுது என்போம். அவர்கள் மிச்சம் என்பதை நாம் ப்ரஸாதம் என்போம். இத்தனை இனிமையாகப் பேசப் பழகிய நாவுக்கு ஒருநாள் மருத்துவர் வந்து தடை எழுதிவிடுகிறார். சர்க்கரை கூடாது, நெய் கூடாது, உப்பைக் குறையுங்கள் என்கிறார். அறுபதைக் கடந்த நம்மில் எத்தனை பேர் இல்லங்களில் இந்தத் தாள் இப்போது அலமாரியில் இருக்கிறது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது எழும் கேள்வி ஒன்றுண்டு. வாய்விட்டுக் கேட்கப் பலரும் கூசுவர். "மனம் சோர்ந்தபோது வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டு தேறினோம், ஒரு காரியம் முடிந்தபோது இனிப்பொன்று உண்டு மகிழ்ந்தோம். அதுவும் போயிற்று என்றால், இனி எதனாலே தேறுவது? எதனாலே மகிழ்வது?" இக்கேள்வியை நாம் சிறியதென்று தள்ளமாட்டோம். துணையை இழந்து தனித்திருக்கும் முதியோருக்கும், அயல்நாட்டில் பனிக்காலத்து மாலைகளில் சாளரத்தின் அருகே அமர்ந்திருக்கும் தாய்மாருக்கும், பணி ஓய்வுபெற்றபின் பிற்பகல் நான்கு மணியை எப்படிக் கடத்துவது என்று அறியாத நம் போன்றோருக்கும் இது பெரிய கேள்வியே.

முதலில் ஒரு தடையைத் தீர்த்துக்கொள்வோம். தனக்குத் தானே பரிசளித்துக்கொள்வது என்பது நம் ஸ்வரூபத்துக்குச் சேருமோ? ஆத்மா எம்பெருமானுக்கே உரிய உடைமை. உடைமை தனக்குத் தானே பரிசளித்துக்கொள்வது எங்ஙனே? வங்கிப் பணியில் இருந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒருவர் எழுதிய வவுச்சரை அவரே பாஸ் செய்யலாகாது. எழுதுகிறவர் ஒருவர், சரிபார்த்து ஒப்பமிடுகிறவர் மற்றொருவர். தொகை பத்து ரூபாயானாலும் விதி அதுவே. மாலையில் யாரும் காணாமல் டப்பாவைத் திறந்து, "இன்று நிறைய உழைத்தோம், நமக்கு இது தகும்" என்று முறுக்கெடுத்து உண்கிறவர், எழுதியதும் தாமே, ஒப்பமிட்டதும் தாமே. அந்தப் பரிசு இனிக்காமல் போவதற்கும், ஒன்று பத்தாவதற்கும் இதுவே காரணம் என்பது நம் எண்ணம். அளித்தவர் இன்னொருவராக இருந்தாலொழியப் பரிசு பரிசாவதில்லை.

திருப்பாவையின் 27ஆம் பாசுரத்தில் ஆண்டாள் எடுத்தாளும் சொல் 'சம்மானம்' என்பது. ஆய்ச்சிறுமியர் அதைப் பெறுகிறார்கள்; தாமாக எடுத்துக்கொள்ளவில்லை. இதைப் பின்னர் விரிவாகப் பார்ப்போம். இப்போதைக்கு இவ்வளவு போதும்: ஜீவன் ஆறுதலுக்கு ஏங்குவது குற்றமன்று, அந்த ஆறுதலைத் தருகிறவனை மறந்து பொருளை மட்டும் கையில் எடுப்பதே குறை.

திருவாய்மொழியில் ஆறாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழி, திருக்கோளூரைப் பற்றியது. மகளைக் காணாமல் தவிக்கும் தாயின் வார்த்தையாக அது அமைந்துள்ளது. அங்கே அந்தத் தாய் தன் மகளின் நிலையைச் சொல்லும்போது சோற்றையும் நீரையும் வெற்றிலையையும் எடுத்து, இம்மூன்றும் அவளுக்குக் கண்ணனே என்கிறாள். நம் வ்யாக்யாதாக்கள் இதனைத் தாரகம், போஷகம், போக்யம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுவர். உயிரைத் தரிக்கச் செய்வது தாரகம். வளரச் செய்வது போஷகம். உண்டபின் இன்பத்துக்காகக் கொள்வது போக்யம். வெற்றிலை போடாவிட்டால் உயிர் போய்விடாது, உடலும் மெலியாது. ஆயினும் மனிதனுக்கு அது வேண்டியிருக்கிறது. சாஸ்த்ரம் அதை மறுக்கவில்லை. போக்யம் என்று தனித் தலைப்பே இட்டு வைத்தது.

வணிகவியல் படித்தவர்களாகிய நாம் இதைக் கணக்குத் தலைப்பு என்றே வாசித்துவிடுகிறோம், பெரியோர் பொறுத்தருள வேண்டும். நம் துன்பம் எங்கே தொடங்குகிறது என்றால், போக்யத்தில் எழுதவேண்டிய செலவைத் தாரகத்தில் எழுதும்போது தொடங்குகிறது. நான்கு மணிக்கு வருவது பசியன்று. தனிமையோ, சலிப்போ, மகன் தொலைபேசியில் பேசாத வருத்தமோ அது. "கொஞ்சம் பசிக்கிறது" என்று அதற்குப் பெயரிட்டு, தாரகக் கணக்கில் பற்று வைத்து, இரண்டு மைசூர்பாகை உள்ளே அனுப்புகிறோம். வருத்தம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தலைப்பைத் திருத்தி எழுதினால், "இது போக்யத்துக்கான ஏக்கம், போக்யமோ உணவாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை" என்பது தெரியவரும். பராங்குச நாயகிக்கு வெற்றிலையின் இடத்தில் கண்ணன் நின்றானே!

இனி நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்று. நாம் வசிக்கும் மங்கலம்பேட்டை, விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையில் உள்ளது. கடலூர் மாவட்டம். இதே மாவட்டத்தில்தான் வீரநாராயணபுரம் என்னும் காட்டுமன்னார்கோயிலும் இருக்கிறது. நாதமுனிகளும் அவர்தம் திருப்பேரனார் ஆளவந்தாரும் அவதரித்த ஊர். நம் ஸம்ப்ரதாயத்தில் ஆறுதல், பரிசு ஆகிய இவ்விரண்டைப் பற்றியும் பேசப் புகுந்தால் முதலில் சேவிக்கவேண்டிய ஊர் அதுவே என்று தோன்றுகிறது.

நாதமுனிகள் வீரநாராயணபுரத்து மன்னனார் ஸந்நிதியில், வெளியூரிலிருந்து வந்த பாகவதர்கள் குடந்தை ஆராவமுதனைப் பற்றிய பத்துப் பாசுரங்களைச் சேவிக்கக் கேட்டார். ஆயிரத்துள் இப்பத்து என்று முடிவதைக் கேட்டு, மற்றவை எங்கே என்று தேடிப் புறப்பட்டார். மதுரகவிகளின் திவ்யப் பிரபந்தத்தைப் 12,000 உரு அனுஸந்தித்து, நம்மாழ்வாரை ஸாக்ஷாத்கரித்து, நாலாயிரத்தையும் பெற்றார் என்று குருபரம்பரை கூறும். பத்தைக் கேட்டு நாலாயிரம் பெற்ற இந்தக் கணக்குக்கு ஈடான வட்டிவிகிதத்தை எந்த வங்கியும் அறிவித்ததில்லை. அது நிற்க. இங்கே நோக்கவேண்டியது அப்பெருமானின் திருநாமம். ஆராவமுது என்றால் எவ்வளவு பருகினாலும் போதும் என்று தோன்றாத அமுது. வயிற்றுக்குச் செல்லும் அமுதுக்கு இப்பெயர் இட முடியாது; நான்காம் கிண்ணத்தில் திருக்கண்ணமுதும் திகட்டும். திகட்டாமை என்பது செவிக்கும் கண்ணுக்கும் மனத்துக்குமே உரியது.

ஆளவந்தார் வரலாற்றிலோ உணவே நடுநாயகம். வாதத்தில் வென்று பாதி ராஜ்யம் பெற்று, அரண்மனையில் வாழ்கிறார் அவர். நாதமுனிகள் விட்டுச்சென்ற செல்வத்தை அவரிடம் ஒப்படைக்கவேண்டிய பொறுப்பு, உய்யக்கொண்டாரின் சிஷ்யரான மணக்கால் நம்பியிடம் வந்து சேர்ந்தது. காவலைத் தாண்டி உள்ளே செல்ல நம்பிக்கு வழியில்லை. மடைப்பள்ளியாரை விசாரித்து, அரசருக்குத் தூதுவளைக் கீரையில் விருப்பம் என்று அறிந்து, நாள்தோறும் கொணர்ந்து கொடுத்தார். ஆறு மாதம் இப்படிச் சென்றது. பிறகு சில நாள் நிறுத்திவிட்டார். இலையில் கீரையைக் காணாத ஆளவந்தார், "ஏன் இல்லை?" என்று கேட்டார். ஒரு முதிய வேதியர் கொண்டுவந்து கொடுத்தார், இப்போது வருவதில்லை என்றார்கள். மீண்டும் வந்தால் அழைத்து வாருங்கள் என்றார் அரசர். நம்பி வந்தார். பொன்னும் பொருளும் வேண்டுமோ என்று கேட்டவரிடம், "உம்முடைய முன்னோர் தேடிவைத்த நிதி எம்மிடம் உள்ளது, அதைத் தரும்வரை தடையின்றி வந்துபோக அனுமதி வேண்டும்" என்றார். பிறகு ஸ்ரீகீதையை உபதேசித்தார். கடைசியில் திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்று, பெரிய பெருமாளைக் காட்டி, அதுவே நிதி என்றார். ஆளவந்தார் அரண்மனைக்குத் திரும்பவில்லை.

இதில் ஒரு நுட்பத்தைப் பலகாலும் எண்ணிப் பார்க்கிறோம். ஆறு மாதம் விரும்பி உண்ட நாள்களில் ஆளவந்தார் ஒருநாளும் "இதைக் கொணர்ந்தவர் யார்?" என்று கேட்கவில்லை. ஆளவந்தாருக்கே அப்படி. கீரை நின்றபோதுதான் கேள்வி பிறந்தது. சுவை தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்வரை தந்தவனை நினைக்க நமக்கு நேரமில்லை. நிற்கும்போது நினைவு வருகிறது. மருத்துவர் எழுதிய தடையையும் நாம் ஏன் மணக்கால் நம்பி கீரையை நிறுத்திய அந்தச் சில நாள்களைப்போல எண்ணக்கூடாது? தூதுவளை தன் பெயருக்கேற்பத் தூதாகவே சென்றது. தூதர் வேலை அழைத்துவருவது. அழைப்பு முடிந்தபின் ஆளவந்தாருக்குத் தேவைப்பட்டது கீரையன்று.

உணவால் மகிழ்தலை நாம் பழித்துப் பேசுவதாக எவரும் எண்ணவேண்டா. ஸ்ரீராமாயணம் அதற்கும் இடம் வைத்திருக்கிறது. பிராட்டியைக் கண்ட செய்தியுடன் திரும்பிய வானரர்கள் கிஷ்கிந்தையை அடையுமுன் மதுவனத்தில் புகுந்தார்கள். ஸுக்ரீவனுக்கு உரிய காவல் வனம் அது. அங்கதன் இசைவளித்தான், அனுமனும் ஊக்கினான். தேனடைகளைப் பிழிந்து பருகினார்கள். பாடினார்கள், ஆடினார்கள், விழுந்து சிரித்தார்கள். தடுத்த ததிமுகனை அடித்தும் விட்டார்கள். அவன் அழுதுகொண்டு ஸுக்ரீவனிடம் முறையிட்டபோது, ஸுக்ரீவன் சினக்கவில்லை. காரியம் முடிந்திராவிட்டால் இவர்கள் என் வனத்தில் கைவைக்கத் துணியமாட்டார்கள், ஆகவே பிராட்டியைக் கண்டிருக்கிறார்கள் என்று தேர்ந்து மகிழ்ந்தான். அவர்கள் குடித்த தேனே பெருமாளுக்கு நற்செய்தியின் முன்னறிவிப்பாயிற்று.

ஆனால் அதே காரியத்துக்காக அனுமன் பெற்ற பரிசு வேறு. கடலைத் தாண்டி, பிராட்டிக்குக் கணையாழி தந்து, சூடாமணியைக் கொணர்ந்து கொடுத்தவனுக்கு என்ன தருவது? பெருமாள் நாடிழந்து, காட்டில், ஒன்றுமில்லாமல் நிற்கிறார். தரத்தக்கது எதுவும் தம்மிடம் இல்லையே என்று வருந்தி, தமக்கு எல்லாமாயிருப்பது இதுவே என்று சொல்லி, அனுமனை மார்போடு அணைத்துக்கொண்டார். யுத்தகாண்டத்தின் தொடக்கம் இது. ஒரே வெற்றிக்கு இரு பரிசுகள்: மதுவனத்துத் தேன், பெருமாளின் அணைப்பு. தேன் குடித்தவர்களுக்கு மறுநாள் பசித்திருக்கும். அணைக்கப்பட்டவனுக்கு இனி என்ன வேண்டும்? வறியவனாய் நின்ற காலத்தில்தான் பெருமாள் தம் பெருஞ்செல்வத்தைக் கொடுத்தார் என்பதும் ரஸிக்கத்தக்கது. கையில் பொருள் இருந்திருந்தால் ஒரு முத்துமாலையோடு முடிந்திருக்கும். பட்டாபிஷேகத்தின்போது அம்மாலையையும் பிராட்டி திருக்கையாலே அனுமன் பெற்றான் என்பது வேறு கதை.

உண்ணாமையே ஆறுதலோ என்றால், அதுவும் இல்லை. மாதம் இருமுறை வரும் ஏகாதசியை நாம் பட்டினி நாள் என்று எண்ணிவிடுகிறோம். உபவாஸம் என்னும் சொல்லுக்குப் பொருள் அருகே வஸித்தல். எம்பெருமானுக்கு அருகே இருப்பதே அந்நாளின் காரியம். தளிகைக்குச் செலவாகும் பொழுது அதற்காக மிச்சப்படுகிறது, அவ்வளவே. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பகலைக் கழித்து, த்வாதசி விடியலில் அகத்திக்கீரையோடும் நெல்லிக்காய்ப் பச்சடியோடும் இரட்டிப்பாக வட்டியும் முதலுமாய் வசூலிப்பவர் பட்டினி கிடந்தவரே, உபவஸித்தவர் ஆகமாட்டார். (மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் உபவாஸத்தில் இறங்கவேண்டா. சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவதில் எம்பெருமானுக்குத் திருவுள்ளம் உகப்பு இராது. அருகே இருத்தலை இரண்டு இட்டலி உண்டபின்னும் செய்யலாம்.)

அப்படியானால் அருகே இருந்து என்ன செய்வது? இதற்கு விடை நம் திருவாராதன க்ரமத்திலேயே இருக்கிறது. அன்றாடம் செய்கிறோம், கவனிப்பதில்லை. எம்பெருமானுக்கு ஆறு ஆஸனங்கள் ஸமர்ப்பிக்கிறோம். மந்த்ராஸனம், ஸ்நாநாஸனம், அலங்காராஸனம், போஜ்யாஸனம், புனர்மந்த்ராஸனம், பர்யங்காஸனம். எண்ணிப் பாருங்கள், ஆறில் உணவுக்கு உரியது ஒன்றே. எழுந்தருளியவனுக்கு அர்க்யம், பாத்யம், பிறகு நீராட்டம், பிறகு திருப்பரிவட்டம், சந்தனம், புஷ்பம், தூபம், தீபம், பிறகே தளிகை, அதன்பின் மந்த்ரபுஷ்பமும் சாற்றுமுறையும், முடிவில் சயனம். விருந்தோம்பத் தெரிந்த நம் பெரியோர் ஸ்வாமிக்கு ஆறு வகையில் ஆறுதல் செய்தார்கள். அவனுடைய சேஷத்தைக் கொண்டு வாழ்வதே நம் வாழ்வு என்றால், ஆறின் சேஷமும் நமக்கு உண்டல்லவா? நாம் ஐந்தை விட்டுவிட்டு ஒன்றையே பிடித்துக்கொண்டோம்.

ஸ்ரீபாகவதத்தில் உத்தவர் கண்ணனிடம் விண்ணப்பிக்கும் இடமும் இதற்குச் சான்று. நீ உகந்து களைந்த மாலை, சந்தனம், ஆடை, அணி இவற்றைத் தரித்தும், நீ உண்ட சேஷத்தை உண்டும் உன் மாயையை வெல்வோம் என்பது அவர் கருத்து. உண்பது அங்கே கடைசியில் வருகிறது. எம்பெருமானுக்குச் சாற்றிக் களைந்த ஒரு சரத்தைச் சிறிதுநேரம் முகர்ந்துகொண்டு அமர்ந்திருங்கள். எவ்வளவு சோர்விலும் அதற்கொரு வலிமை உண்டு. திருத்துழாயில் மாவுச்சத்து இல்லை. எந்த மருத்துவரும் அதைத் தடுத்ததாக நாம் கேட்டதில்லை.

நீராட்டத்தைக் கடமையாகவே செய்து பழகிவிட்டோம். மாலை ஆறு மணிக்கு வெதுவெதுப்பான நீரில், அவசரமின்றி, பன்னிரு திருநாமங்களைச் சொல்லிக்கொண்டே நீராடி, மடித்த வேட்டி ஒன்றை உடுத்தி, திருமண்காப்பு இட்டுக்கொண்டு அமர்ந்தால், நான்கு மணியின் ஏக்கம் எங்கே போயிற்று என்று தேடவேண்டியிருக்கும். அலங்காராஸனத்தை அம்மையார்கள் நம்மினும் நன்கறிவர். திருவாடிப்பூரத்துக்கு அகத்துப் பெருமாளுக்கு ஆடை தைக்கும் கைகள் அந்த நேரத்தில் தின்பண்டத்தைத் தேடுவதில்லை. பூத்தொடுப்பவர் விரல்களுக்கும் அதே நிலைதான். அனந்தாழ்வான் எம்பெருமானார் நியமனத்தாலே திருமலையில் ஏரி வெட்டி, நந்தவனம் அமைத்து, புஷ்பகைங்கர்யம் செய்துவந்தவர். அவர் ஒருமுறை மலையிலிருந்து கட்டிக்கொண்டு சென்ற ப்ரஸாதத்தைத் தொலைதூரம் சென்று அவிழ்த்தபோது அதில் எறும்புகள் இருந்தன. திருமலையில் ஏதேனும் ஒன்றாய்ப் பிறக்க ஆசைப்பட்ட குலசேகரப் பெருமாளைப்போல எந்த மஹான் எறும்பாகப் பிறந்திருக்கிறாரோ என்று அஞ்சி, பசியோடு அப்படியே கட்டித் திருப்பி எடுத்துச்சென்று மலையில் விட்டுவந்தார் என்பர். நடந்த களைப்பில் பொட்டணத்தை அவிழ்த்தவர் அவர். அவருக்கு அன்று கிடைத்த ஆறுதல் எது என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

புனர்மந்த்ராஸனத்துக்கு நேரானது சந்தை. உலகெங்கும் உள்ள அடியார்களுக்கு இன்று தொலைபேசியிலேயே பாசுரம் கற்கும் பேறு வாய்த்திருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு பாசுரம், பதம் பதமாக. ஒரு திருவாய்மொழி முழுதும் மனனமான அன்று தோன்றும் நிறைவை இனிப்பால் கொண்டாட வேண்டியதில்லை. மீண்டும் ஒருமுறை சேவிப்பதே அதன் கொண்டாட்டம். வங்கிக் கணக்கில் இதை மூலதனச் செலவு என்போம். தின்ற பண்டம் வருவாய்ச் செலவு. அந்த ஆண்டோடு தீர்ந்தது. கற்ற பாசுரம் சொத்துப் பட்டியலில் ஏறுகிறது, தேய்மானமும் இல்லை.

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். பட்டறைகளில் பொம்மைகளும் கோப்பைகளும் வார்ப்பதைப் பணிக்காலத்தில் பலமுறை நின்று பார்த்திருக்கிறோம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் மண்கரைசலை ஊற்றுவார்கள். அச்சு நீரைக் குடிக்கும். மண் சுவரில் படிந்து உருவம் கொள்ளும். அச்சின் தாகமே பொம்மையை உண்டாக்குகிறது. ஓயாமல் வார்த்துக்கொண்டே இருந்தால் அச்சு நீர் நிறைந்து ஊறிவிடும். அதன்பின் எவ்வளவு ஊற்றினாலும் மண் சேராது. வெயிலில் காயவைத்த பிறகே மீண்டும் உதவும். எப்போதும் ஏதேனும் ஒரு சுவை ஊறிக்கிடக்கும் மனத்தில் எம்பெருமான் திருமேனி ஏன் பதிவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல த்ருஷ்டாந்தம் நமக்குக் கிட்டவில்லை. அங்கே ஒரு முதிய தொழிலாளி. சூளை திறக்கும் நாளில் மற்றவர்கள் டீக்கும் பஜ்ஜிக்கும் கலைவார்கள். அவர் மட்டும் வெந்து வந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நகத்தால் தட்டிச் செவியருகே வைத்துக் கேட்பார். விரிசல் இருந்தால் ஒலி மழுங்கும். இல்லையேல் மணிபோல் ஒலிக்கும். சோதனை என்று தொடங்கியது; பிறகு கேட்பதற்காகவே தட்டிக்கொண்டிருப்பார். அவர் வைஷ்ணவர் அல்லர். ஆயினும் செவிக்குரிய போக்யத்தை அறிந்தவர்.

விருத்தாசலம் வழியே ஸ்ரீமுஷ்ணம் செல்வது எளிது. ஸ்வயம்வ்யக்த க்ஷேத்ரங்கள் எட்டில் ஒன்று. பூவராகப் பெருமாள் இடுப்பில் திருக்கைகளை வைத்து, திருமேனி மேற்கு நோக்கியும் திருமுகம் தெற்கே திரும்பியும் எழுந்தருளியிருக்கிறார். யாரோ அழைத்ததும் திரும்பிப் பார்ப்பது போன்ற அந்தச் சேவையைக் கூட்டமில்லாத ஒரு வாரநாளில் அரைமணி நேரம் நின்று அநுபவித்துவிட்டு வருவதை நாம் மாதம் ஒருமுறை வழக்கமாக வைத்திருக்கிறோம். ஏதேனும் நல்ல காரியம் முடிந்தால் அந்த முறை முன்னதாகவே வந்துவிடும். அயல்நாட்டு அடியார்களுக்கு அருகில் இப்படி ஒரு திவ்யக்ஷேத்ரம் இல்லையாயினும், அகத்துப் பெருமாள் ஸந்நிதி முன்பு அரைமணி நேரம் ஒன்றும் கேளாமல் அமர்ந்திருக்க யாதொரு தடையும் இல்லை.

இனி விட்ட இடத்துக்கு வருவோம். நோன்பு தொடங்கும்போது ஆய்ச்சிறுமியர் எவற்றைத் துறந்தார்கள்? நெய், பால், மை, மலர். துறந்ததில் உணவு முதலில். நோன்பு முற்றியபின் 27ஆம் பாசுரத்தில் பெறும்போது வரிசை தலைகீழாகிறது. கையிலும் தோளிலும் செவியிலும் காலிலும் பூணும் அணிகள் முன்னே, பிறகு ஆடை, அதற்குப் பிறகே நெய் வழியும் பாற்சோறு. கண்ணனும் நப்பின்னைப் பிராட்டியுமாகத் தங்கள் திருக்கைகளாலே அணிவிக்கிறார்கள் என்று பெரியோர் ரஸிப்பர். முழங்கை வரை நெய் வழிகிறதென்று பாடியவள், "உண்டோம்" என்று வினைமுடிவு கூறவில்லை. சேர்ந்து அமர்ந்து குளிர்ந்திருத்தலோடு பாசுரத்தை முடிக்கிறாள். சோறு, சேர்ந்திருப்பதற்கு ஒரு நிமித்தமே என்பது தேர்ந்த பொருள்.

அந்த ஆண்டாளே திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டாள். நெடுங்காலத்துக்குப்பின் எம்பெருமானார் அதைத் தலைக்கட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது, பிராட்டி அவரை "அண்ணா" என்று விளித்தருளினாள். இருநூறு தடாவுக்கும் கைம்மாறாக வந்தது ஒரு விளிச்சொல். கோயிலண்ணன் என்னும் திருநாமம் இன்றும் அவருக்கு உண்டு.

நமக்கு அணுக்கமான பாகவதர் ஒருவர் இருக்கிறார். நீரிழிவினால் கால்விரல்கள் இரண்டை இழந்தவர். ப்ரஸாதம் தீங்கு செய்யாது என்று உறுதியாக இருந்தவர். எம்பெருமான் அமுது செய்தது ஒரு பிடி என்றால் தாம் கொண்டது மூன்று பாத்திரம் என்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. சிகிச்சைக்குப்பின் கோஷ்டிக்கு வருவதையே நிறுத்திவிட்டார். சேவாகாலம் முடிந்து சர்க்கரைப் பொங்கல் வரும்போது கைநீட்டாமல் இருக்க முடியாது, நீட்டவும் கூடாது. ஆகவே வராமல் இருப்பதே நலம் என்று எண்ணினார். மார்கழி முழுதும் அகத்திலேயே தனித்துச் சேவித்துவந்தார். அவருடைய தேவிகள் இதை நம்மிடம் சொன்னபோது நெஞ்சு கலங்கிற்று. கூடியிருத்தல் என்னும் பரிசுக்காக இடப்பட்ட சோற்றுக்கு அஞ்சி, ஒருவர் அந்தக் கூட்டத்தையே இழப்பதா?

கோஷ்டியார் கூடிப் பேசினோம். முதியோர் சிலரும் இதே காரணத்தால் பின்வரிசையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரியவந்தது. தீர்த்தமும் ஸ்ரீசடகோபமும் திருத்துழாயும் ஸாதித்தபின், வேண்டுவோர்க்கு மட்டும் தளிகை ப்ரஸாதம் என்று முறை வைத்துக்கொண்டோம். வேண்டாதார் எழுந்து செல்லாமல், அமர்ந்தபடியே ஒரு பருக்கையைக் கண்ணில் ஒற்றி ஸ்வீகரித்துக்கொண்டு, அன்றைய பாசுரத்தில் ஒரு பதத்துக்கு வ்யாக்யானம் சொல்லவேண்டும். அதற்கு அவரை விட்டால் ஆளில்லை. பெரியவாச்சான்பிள்ளை ஸ்ரீஸூக்திகளில் ஊறியவர்.

கூடாரை அன்று வந்தார். ஊன்றுகோலை வாயிலில் சாய்த்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்தார். அண்டா திறந்ததும் ஏலமும் நெய்யும் மணத்தன; அவர் கண்ணை மூடிக்கொண்டு மணத்தை மட்டும் பெருமாளுக்குச் சொல்லி மகிழ்ந்தார். 'சம்மானம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். பொங்கல் ஆறிப்போயிற்று. எவரும் எழுந்திருக்கவில்லை.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்